சத்தமில்லாத கணினிக்கு எந்த லினக்ஸ்?

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் வழியாகத் திருமானூர் வந்து, கொள்ளிடம் பாலம் ஏறித் திருவையாறு, தஞ்சாவூர் போகிற சாலையில் லாரிகள் அதிகம். சிமெண்ட் ஆலைகள் நிறைந்த வட்டாரம் அது. சாலையை ஒட்டிய வீடுகளில் ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் மேசைக் கணினியின் சிபியு பெட்டிக்குள் தூசி போய்விடும். இரண்டு கோடை தாண்டினால் உள்ளே ஃபேன் இரையத் தொடங்கும். யூடியூபில் ஒரு பாடத்தைத் திறந்தால் இரைச்சல் இன்னும் கூடும். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு எரிச்சல் வரும்.

இப்படிப்பட்ட கணினிக்கு இன்று எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போடுங்க." சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய மேசைக் கணினிகள் பெரும்பாலும் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அவை கெட்டுப்போகவில்லை. தூசி தட்டி, ஒரு எஸ்எஸ்டி மாட்டினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவது வீண்.

யோசனை சரிதான். சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது: எந்த லினக்ஸ்? உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச், பாஸ் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. கெர்னல் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதைச் சுற்றி மேசைச் சூழல், டிரைவர்கள், மென்பொருள் களஞ்சியம், புதுப்பிப்பு முறை என்று கட்டிக் கொடுக்கும் விதத்தில்தான் ஒரு வழங்கல் இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. நம் ஊர்ப் பக்கம் வழங்கலை டிஸ்ட்ரோ என்றே சொல்கிறார்கள். இந்தத் தேர்வு நடக்கிற விதத்தில் நல்லதும் இருக்கிறது, பெரிய ஓட்டையும் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். விலை கொடுக்காமல், கணினியில் எதையும் அழிக்காமல், ஒரு பென் டிரைவிலிருந்து முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் பென் டிரைவைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கினால் பழையது அப்படியே இருக்கும். வாங்கும் முன் நான்கு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கும் இந்த வசதியை வணிக இயங்குதளங்கள் தருவதில்லை. கையில் காசில்லாத மாணவருக்கு இதைவிடப் பெரிய கொடை வேறில்லை.

ஓட்டை எங்கே என்றால், பெரும்பாலோர் ஓட்டிப் பார்ப்பது தோற்றத்தை மட்டும்தான். ஐகான் எப்படி இருக்கிறது, தீம் எப்படி மாறுகிறது, தரவரிசையில் எத்தனையாவது இடம் என்பதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஃபேன் ஏன் இரைகிறது என்ற கேள்வியோடு தொடங்குவோர் குறைவு. கணினி அமைதியாக இருக்க வேண்டும் என்பதே நோக்கமானால், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பிராசஸர்மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹீட்சிங்கின் இடுக்குகளில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். காற்று போக வழியில்லை, சூடு ஏறும், மதர்போர்டு ஃபேனை விரட்டும். ஹீட்சிங்கை எடுத்தால் அடியில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புக் காரைபோல் உதிரும். பிரஷ்ஷும் புதிய பேஸ்ட்டும் செய்யும் வேலையை எந்த டிஸ்ட்ரோவும் செய்யாது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் கரகரப்பும் அப்படித்தான். எஸ்எஸ்டி மாட்டினால் அந்தச் சத்தம் அடியோடு போய்விடும். ஃபேனின் வேகத்தைப் பெரும்பாலும் பயோஸ்தான் கட்டுப்படுத்துகிறது. லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் என்னும் கருவி எல்லா டிஸ்ட்ரோவிலும் கிடைக்கிறது, சூட்டை அளந்து காட்டுகிறது. ஆகவே, "இந்த டிஸ்ட்ரோ போட்டால் ஃபேன் சத்தம் நிற்கும்" என்று யாராவது சொன்னால், பெட்டியைத் திறந்து சுத்தம் செய்தீர்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

சுத்தம் செய்த பிறகும் மீதிப் பாதி இருக்கிறது. அங்கேதான் மென்பொருள் வருகிறது. சும்மா இருக்கும் கணினி உண்மையிலேயே சும்மா இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோப்புகளைத் தேட வசதியாகப் பின்னணியில் அட்டவணை போட்டுக்கொண்டே இருக்கும் நிரல்கள் க்னோம், கேடிஇ என்ற இரண்டு பெரிய மேசைச் சூழல்களிலும் உண்டு. புதிய கணினியில் அது தெரியாது. 2012-ஆம் ஆண்டு ஐ3 சில்லும் 4 ஜிபி ராமும் உள்ள பெட்டியில், நிறுவிய முதல் நாள் முழுக்க ஃபேன் ஓடும். எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய மேசைச் சூழலில் இந்தத் தொந்தரவு இல்லை. பழைய கணினி வைத்திருப்பவர் டிஸ்ட்ரோவின் பெயரைவிட மேசைச் சூழலின் பெயரை முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது வீடியோ. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக் கணினியின் இரைச்சலில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. யூடியூப் தன் வீடியோக்களைப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வடிவங்களில் அனுப்புகிறது. இவற்றைப் பிரித்துக் காட்டும் தனிச் சுற்று புதிய சில்லுகளில் உண்டு. இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் விபி9-க்கு அது முழுமையாக வந்தது, ஏவி1-க்குப் பதினொன்றாம் தலைமுறையில். 2012-ஆம் ஆண்டின் மூன்றாம் தலைமுறைச் சில்லில் எச்.264 போன்ற பழைய வடிவங்களுக்கு மட்டுமே அந்தச் சுற்று இருக்கிறது. எனவே யூடியூப் திறந்ததும் வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழுகிறது. சூடு ஏறுகிறது, ஃபேன் இரைகிறது. உலாவியில் எச்264இஃபை என்ற சிறிய நீட்சியைச் சேர்த்தால் யூடியூப் எச்.264 வடிவத்தையே அனுப்பும். பயர்பாக்ஸ் 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸில் இன்டெல் கிராபிக்ஸின் உதவியை எடுத்துக்கொள்கிறது. அதற்குரிய டிரைவர் பேக்கேஜ் மட்டும் இருக்க வேண்டும். இரண்டையும் சரிசெய்தால் பிராசஸரின் சுமை கண்ணெதிரே இறங்குவதை டாஸ்க் மேனேஜரில் பார்க்கலாம்.

டிஸ்ட்ரோக்கள் உண்மையிலேயே பிரியும் இடம் இதுதான். டெபியனிலும் மின்ட்டிலும் அந்த டிரைவர் வழக்கமான களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. ஃபெடோரா அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்துக்கு அஞ்சி 2022-இல் எச்.264 வன்பொருள் உதவியை மெசா என்ற கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. அதை மீட்க ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவருக்கு "லினக்ஸ் போட்டும் சத்தம் குறையவில்லை" என்ற முடிவுதான் மிஞ்சும். ஃபெடோரா அருமையான டிஸ்ட்ரோ. பொறியாளரின் மேசைக்கு ஏற்றது. ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு ஏறக்குறைய 13 மாதம்தான். திருமானூரில் ஒரு பள்ளி மாணவியின் மேசைக்கு அது பொருந்தாது.

உபுண்டுவின் வலிமை அதன் பரவல். எந்தச் சந்தேகத்துக்கும் எங்கோ ஒருவர் விடை எழுதி வைத்திருப்பார். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் என்ற நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. குறை என்னவென்றால், 2022-லிருந்து எல்டிஎஸ்ஸிலும் பயர்பாக்ஸே ஸ்நாப் என்ற பொதியாக வருகிறது. ஸ்நாப் பொதிகள் நாளுக்கு நான்கு முறை தாமாகவே புதுப்பிப்பு தேடும். மொபைலின் ஹாட்ஸ்பாட்டை நம்பி இணையம் பார்க்கும் வீட்டில் இது நாளின் டேட்டாவைத் தின்றுவிடலாம். நிறுவும் கோப்பே உபுண்டு 24.04-இல் 5 ஜிபிக்கு மேல். மின்ட் 22 ஏறக்குறைய 3 ஜிபி. டெபியனின் நெட் இன்ஸ்டால் கோப்பு 1 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

மின்ட் உபுண்டுவின்மேல் கட்டப்பட்டதுதான். ஆனால் 2020-இல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்து ஸ்நாப்பைத் தடுத்துவிட்டது. புதுப்பிப்பு எப்போது என்பதைப் பயனரிடமே விடுகிறது. டைம்ஷிஃப்ட் என்ற கருவியைச் சேர்த்தே தருகிறது. புதுப்பிப்பில் ஏதாவது கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். எக்ஸ்எஃப்சிஇ பதிப்பும் உண்டு. 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது.

டெபியன் இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1993-இல் தொடங்கியது. நிலைப்பதிப்பு ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது, நடுவில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிரப் பெரிதாக எதுவும் மாறாது. வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கிடைக்காமல் நிறுவலின் நடுவில் தவிக்கவிடும் என்ற பழைய பேர் அதற்கு உண்டு. 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து நிறுவியிலேயே அந்த ஃபர்ம்வேர்களைச் சேர்த்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. மிகப் பழைய 32 பிட் பெட்டி வைத்திருப்பவருக்கு 12-ஆம் பதிப்பு 2028 ஜூன் வரை தாங்கும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுப்பதே நியாயம்.

ஆர்ச் போன்ற, ஓயாமல் புதுப்பித்துக்கொண்டேயிருக்கும் டிஸ்ட்ரோக்களைப் பற்றி இளைஞர்களுக்கு ஒரு மோகம் இருக்கிறது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் வாரந்தோறும் நூற்றுக்கணக்கான எம்பி புதுப்பிப்பை இறக்கும் கணினியில், நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்? பேக்கேஜ்கள் பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடும். அடுத்த முறை திரை வராமலே போகலாம். டெபியனிலும் இப்படி நடக்கலாம், ஆனால் புதுப்பிப்பே குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு. ஒரு கட்டளையில் சரிசெய்யவும் முடியும். கோடை மின்வெட்டும் யுபிஎஸ் அலறலும் பழகிப்போன ஊரில், அடிக்கடி மாறாமல் இருப்பதே ஒரு டிஸ்ட்ரோவின் முதல் தகுதி.

இன்னொரு சத்தம் பழைய என்விடியா அட்டையிலிருந்து வரும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெட்டியோடு சேர்த்து விற்ற ஜிஃபோர்ஸ் 210 போன்ற அட்டைகளுக்கான டிரைவரை அந்த நிறுவனம் 2019-உடன் நிறுத்திவிட்டது. திறமூல டிரைவரான நூவோவால் அந்த அட்டைகளின் வேகத்தைச் சூழலுக்கேற்பத் தானாகக் கூட்டிக் குறைக்க முடிவதில்லை. பிராசஸரிலேயே இன்டெல் கிராபிக்ஸ் இருந்தால் அட்டையைக் கழற்றிவிடலாம். ஒரு ஃபேன் குறையும், சிக்கலும் தீரும்.

சத்தத்தைத் தாண்டிப் பார்த்தால், தமிழ்த் தட்டச்சைச் சோதிக்காமல் டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் மிகப் பெரிய குறை. திருமானூருக்குப் பக்கத்து ஏலாக்குறிச்சியில் தேவாலயம் எழுப்பி வாழ்ந்த வீரமாமுனிவர்தான் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறு வேறு வடிவம் கொடுத்தவர். அந்த மண்ணில் ஒரு பிள்ளை கணினியில் தமிழ் அடிக்க முடியாமல் திணறுவது பெரும் குறைதான். 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை எல்லா டிஸ்ட்ரோவிலும் இருக்கிறது, ஆனால் இரண்டு வடிவத்தில். அமைப்புகளில் சாதாரணமாகத் தெரியும் விசைப்பலகைப் பட்டியலிலிருந்து எடுத்தால், 'க' விசையை இருமுறை தட்டும்போது 'கக' என்றே வரும். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐ எடுத்தால் புள்ளி தானாக விழுந்து 'க்க' என்று வரும். தமிழ்99-இன் சிறப்பே அந்தத் தானியங்கிப் புள்ளிதான். முதல் வடிவத்தைப் பார்த்துவிட்டு "லினக்ஸில் தமிழ் சரியில்லை" என்று விட்டுப்போனவர்கள் பலர். மின்ட்டில் மொழி அமைப்புக்குள்ளேயே உள்ளீட்டு முறைகளுக்கு ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. டெபியன் எக்ஸ்எஃப்சிஇ-யில் கையால் சேர்க்க வேண்டும். இது சிறிய வேறுபாடுதான். ஆனால் கணினி தமிழ்க் கணினியாவதும் ஆகாததும் இதில்தான் இருக்கிறது.

தனி ஆள் மட்டுமல்ல, அரசும் இந்தத் தேர்வைச் செய்து பார்த்திருக்கிறது. 2006-க்குப் பிறகு சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு நகர்ந்தது. 2007-இல் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு சொன்னது.

நோக்கம் உயர்ந்தது, அடிப்படையும் சரி. டெபியனைத் தேர்ந்தது நல்ல முடிவு. இந்திய மொழிகளை முதலிலேயே கருத்தில் கொண்டது அதைவிட நல்ல முடிவு. அப்படியிருந்தும் மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளில் பலர் பாஸைத் திறந்தே பார்க்கவில்லை. சிலர் ஹார்ட் டிஸ்க்கில் பாஸ் இருந்த பகுதியை அழித்து, சினிமா வைக்க இடமாக்கிக்கொண்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பாடப்புத்தகத்தில் அது இல்லை, ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை, ஊரில் கேட்க ஆள் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டம், பிறகு கைட் நிறுவனம், பள்ளிக்கென்றே ஒரு லினக்ஸைச் செதுக்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூலையும் தேர்வையும் அதன்மேலேயே அமைத்தன. 2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு என்று அறிவித்தபோது, சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த மாநிலத்தின் கணக்கு சொன்னது. தொகையைப் பற்றி வாதாடலாம். ஆனால் அங்கே ஒரு பத்தாம் வகுப்பு மாணவர் லினக்ஸை அறியாமல் பள்ளியைத் தாண்ட முடியாது. தமிழ்நாட்டில் தாண்டிவிடலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு டிஸ்ட்ரோவின் தரத்தில் இல்லை, அதைச் சுற்றி நிற்கும் மனிதர்களில் இருக்கிறது.

லினக்ஸ் பொருந்தாத மேசைகளும் உண்டு. அதை மறைத்துப் பேசினால் நம்பிக்கைதான் கெடும். இ-சேவை மையத்தில் ஆதார் கைரேகைக் கருவிக்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் எழுதப்படுகிறது. டேலி போட்டுக் கணக்கெழுதும் உரக்கடைக்கும், ஃபோட்டோஷாப்பில் ஃபிளெக்ஸ் வடிவமைக்கும் கடைக்கும் மாற்றுவது இப்போதைக்கு வேண்டாத வேலை. ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் கேப்ட் என்ற தனி முறையில் இயங்குவது. லினக்ஸில் அதை ஓடவைக்கத் தனிப் பாடு பட வேண்டும். எச்பி பிரிண்டர்கள் பலவற்றுக்கு எச்பிலிப் என்ற தொகுப்பு போதும். வாங்கும் முன் பிரிண்டரின் மாடலைப் பார்ப்பது டிஸ்ட்ரோவைப் பார்ப்பதைவிட முக்கியம். பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் நிறைய வைத்திருப்பவர், அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே மாறுவது நல்லது.

புதிதாகவே வாங்கும் நிலை இருந்தால், அமைதிக்கு இன்னும் நேரான வழிகள் இருக்கின்றன. 2020-இல் வந்த ராஸ்பெர்ரி பை 400 விசைப்பலகைக்குள்ளேயே அடங்கிய கணினி, ஃபேனே கிடையாது. அதன் இயங்குதளமும் டெபியன் வழி வந்ததே. இன்டெல் என்100 சில்லு 6 வாட் அளவுக்கு வடிவமைத்தது. ஃபேன் இல்லாத சிறு பெட்டிகளாக வருகிறது, ஏவி1 வீடியோவையும் தன் சுற்றிலேயே பிரித்துவிடும். ஆனால் அரியலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் ஃபேன் இல்லாத பெட்டியை அலமாரிக்குள் அடைத்து வைக்கக் கூடாது. சூடு ஏறினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஆக, வீட்டில் படிக்கவும் எழுதவும் வீடியோ பார்க்கவும் வைத்திருக்கும் பழைய மேசைக் கணினிக்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பே முதல் தேர்வு. ராம் குறைவாக இருந்தாலோ, ஒருமுறை போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் தொடாமல் இருக்க நினைத்தாலோ, உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் டெபியன் நிலைப்பதிப்பு. பாஸை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் சந்தேகம் கேட்க ஆள் கிடைப்பது அதற்கு அரிது.

அந்த ஆளை உருவாக்குவதுதான் இனி செய்ய வேண்டிய வேலை. 2012 ஜனவரியிலிருந்து 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது. விழுப்புரத்தில் ஒரு குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களைக் கூட்டிவைத்து இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறது. அரியலூர், பெரம்பலூர்க் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரஷ், ஒரு டியூப் தெர்மல் பேஸ்ட், மின்ட் ஏற்றிய நான்கு பென் டிரைவ் ஆகியவற்றோடு திருமானூர் நூலகத்திலோ பள்ளியிலோ உட்கார்ந்தால் போதும். பெட்டியைச் சுத்தம் செய்து, தமிழ்99-ஐச் சரியாக வைத்து, யூடியூப் சத்தமில்லாமல் ஓடுவதைக் காட்டி அனுப்ப ஒரு கணினிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஆசிரியர்களும் நூலகர்களும் அதற்கு ஒரு அறையும் ஒரு மின் இணைப்பும் கொடுத்து உதவ வேண்டும்.